60 எஃப்பிஎஸ் காட்டியும் கேம் ஏன் திக்குகிறது?

திரையின் மூலையில் 60 எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு 60 ஃபிரேம் (படம்), என்று ஓடிக்கொண்டிருக்கும். கேம் மட்டும் திக்கித் திக்கிப் போகும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க முடியும், சின்னக் கணக்குதான். ஒரு விநாடியில் 59 ஃபிரேம்கள் தலா 14 மில்லி விநாடியில் வந்துவிட்டன என்று வையுங்கள். அதற்கு 826 மில்லி விநாடி ஆகிவிட்டது. கடைசி ஃபிரேம் மீதி 174 மில்லி விநாடியையும் தனியாக விழுங்கிவிடுகிறது. மொத்தம் ஒரு விநாடி, 60 ஃபிரேம். எண்ணிச் சொல்லும் மென்பொருளுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. விளையாடுபவரின் கண்ணுக்கு அந்த ஓர் இடறல் நன்றாகவே தெரியும்.

டெக் ரிப்போர்ட் என்ற இணைய இதழில் ஸ்காட் வாசன் 2011இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார். சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று அளந்து கோடாக வரைந்தார். சராசரியில் ஒன்றுபோல இருந்த கிராபிக்ஸ் கார்டுகள் அந்தக் கோட்டில் வேறு வேறாகத் தெரிந்தன. இன்று கிராபிக்ஸ் கார்டு விமர்சனங்களில் ‘1% லோ’ என்று போடுகிறார்களே, மிக மெதுவாக வந்த 1% ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் அந்த எண்ணும் இதே சிந்தனையின் தொடர்ச்சிதான்.

திக்கலுக்குக் காரணம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியதும் அந்தக் கோடுதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாடியூனர், கேம் ஓடும்போதே ஃபிரேம் நேரத்தைத் திரையில் வரைந்து காட்டும். கேப்ஃபிரேம்எக்ஸ் அதைப் பதிவு செய்து தரும். இரண்டுமே இலவசம். கேம் திக்குகிறது என்றவுடன் விண்டோஸை ஃபார்மட் செய்வது, அதுவும் சரிவராவிட்டால் புது கார்டு வாங்குவது என்று பலர் போய்விடுகிறார்கள். காரணம் தெரியாமலே அத்தனை காசு போவது வருத்தமாக இருக்கிறது. திக்கல் எப்போது வருகிறது, எந்த இடைவெளியில் வருகிறது, இரண்டாம் முறையும் அதே இடத்தில் வருகிறதா என்று கவனித்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஆன்லைன் கேமில் மற்ற வீரர்கள் துள்ளித் துள்ளி இடம் மாறுகிறார்கள், ஆனால் மவுஸை நகர்த்தினால் உங்கள் பார்வை வழுவழுவென்று திரும்புகிறதா? அப்படியானால் கோளாறு நெட்டில். கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 16.7 மில்லி விநாடிக்கு ஒரு படம் தேவை. அதற்குள் பிராசசர் ஆட்டத்தின் கணக்குகளை முடித்து, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளை அனுப்ப வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அதை வரைந்து முடிக்க வேண்டும். விசிங்க் (மானிட்டரின் தாளத்துக்கு ஏற்பவே படத்தை மாற்றும் வசதி) போட்டிருந்து, 17 மில்லி விநாடி ஆகிவிட்டால், மானிட்டர் பழைய படத்தையே இன்னொரு முறை காட்டும். புதுப் படம் 33.3 மில்லி விநாடியில்தான் கண்ணுக்கு வரும். அரை மில்லி விநாடி தாமதம்கூட இப்படிப் பெரிதாகிவிடுகிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் கெடு 6.9 மில்லி விநாடிதான். ஃப்ரீசிங்க், ஜிசிங்க் மானிட்டர்கள் படம் தயாராகும்வரை காத்திருந்து காட்டுவதால் இந்தச் சின்னத் தாமதங்களை மறைத்துவிடும். 174 மில்லி விநாடி நின்றால் அவற்றாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படிப்பட்ட பெரிய தாமதங்களில் இன்று அதிகம் தென்படுவது ஷேடரால் வருவது. வெளிச்சம், நிழல், நீர், புகை ஒவ்வொன்றையும் எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள்தான் ஷேடர்கள். கேமோடு அவை முழுமையாகச் சமைந்து வருவதில்லை. உங்கள் கார்டுக்கும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பதிப்புக்கும் ஏற்றபடி உங்கள் கம்ப்யூட்டரிலேயே மொழிபெயர்க்கப்பட வேண்டும். கேம் கன்சோலில் எல்லோரிடமும் இருப்பது ஒரே கார்டு, எனவே தயாரித்தவர்களே முடித்துக் கொடுத்துவிடலாம். பிசியில் அது முடியாது. கேம்கள் கார்டோடு பேச விண்டோஸ் தரும் இடைமுகம் டைரக்ட்எக்ஸ். 2015இல் வந்த அதன் 12ஆம் பதிப்பு, முன்பு டிரைவர் பின்னணியில் பார்த்துக்கொண்ட இந்த வேலையின் பெரும்பகுதியைக் கேம் எழுதுபவர்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் முன்கூட்டியே செய்து வைக்காவிட்டால், முதல் குண்டு வெடிக்கும் நொடியில்தான் அந்த வெடிப்புக்கான ஷேடர் தயாராகத் தொடங்கும். விருந்தாளி இலைமுன் உட்கார்ந்த பிறகு காய் நறுக்குவது போலத்தான். அதற்குப் பல பத்து மில்லி விநாடிகள், சில சமயம் நூற்றுக்கணக்கிலும் ஆகும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். புது ஆயுதம், புது எதிரி, புது இடம் வரும்போது முதல் தடவை மட்டும் இடறும். சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போய் அதே காட்சியை மறுபடி ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். ஏனென்றால் தயாரித்த ஷேடர் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டுவிட்டது. டிரைவரைப் புதுப்பித்தால் அந்தச் சேமிப்பு செல்லாததாகிவிடும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். ‘புது டிரைவர் போட்டதிலிருந்து கேம் மோசமாகிவிட்டது’ என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். அதைக் கேட்டு உடனே பழைய டிரைவருக்குத் திரும்புவதைவிட ஓரிரு மணி நேரம் விளையாடிப் பார்ப்பது நல்லது. கேம் தொடக்கத்தில் ஷேடர் தயாராகிறது என்ற பட்டை ஓடினால் பொறுமையாக முடியவிடுங்கள். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் (அந்தச் சேமிப்பு) அளவை 10 ஜிபி அல்லது அதற்கு மேல் வைக்கலாம். கேம் எழுதியவர்கள் சரியாகச் செய்யாத இடத்தில் விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் இந்தத் திக்கல் முழுதாகப் போகாது. வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக் ஒரே வன்பொருளில் வருவதால், அதற்கான ஷேடர்களை முன்பே தயாரித்து இறக்கித் தர முடிகிறது. அதனால் சில கேம்கள் பல மடங்கு வேகமான பிசியைவிட அந்தச் சின்னக் கருவியில் சீராக ஓடுகின்றன.

ஷேடர் இல்லையென்றால் டிஸ்க்கைப் பாருங்கள். திறந்த உலகக் கேமில் வண்டியை வேகமாக ஓட்டும்போது மட்டும் நிற்கிறதா? அடுத்த தெருவின் கட்டடங்களை டிஸ்க்கிலிருந்து எடுக்கும் நேரம் அது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேடும் தகவல் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று ஆகும், தலை நகர்ந்துபோக இன்னும் 8 மில்லி விநாடிக்குப் பக்கம். ஒரே ஒரு துண்டைத் தேடுவதிலேயே ஃபிரேமின் கெடுவில் முக்கால் பங்கு கரைந்துபோகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது, அங்கே இதே வேலை ஒரு மில்லி விநாடியில் சின்னப் பகுதிதான். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

தொடக்கத்தில் நன்றாக ஓடி, விளையாட விளையாட மோசமாவது வேறு வகை. அதற்குள் இரண்டு உண்டு.

ஒன்று, கார்டின் நினைவகம் நிரம்புவது. 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டு தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 448 ஜிபி படிக்கும். அது நிரம்பி வழிந்தால் மீதித் தகவல் மதர்போர்டின் ராமுக்குப் போய்விடும். அங்கிருந்து எடுத்துவர வேண்டிய பிசிஐஇ 4.0 பாதையில் (16 தடம்) விநாடிக்குச் சுமார் 32 ஜிபிதான் வரும், 14இல் ஒரு பங்கு. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு இதில் பாவம். இருப்பது 4 ஜிபி, பாதையும் நான்கே தடம். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் செருகினால் விநாடிக்குச் சுமார் 4 ஜிபிதான் கிடைக்கும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படங்கள்) தரத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். திக்கல் சட்டென்று நின்றால் விடை கிடைத்துவிட்டது. நிழலையும் ரெசல்யூஷனையும் குறைத்துக்கொண்டே போய் டெக்ஸ்சரை மட்டும் தொடாமல் விடுபவர்கள் நிறைய.

மற்றொன்று சூடு. இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை, ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், ஆறியதும் ஏற்றும், மறுபடி சுடும். ஃபிரேம் நேரக் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும். ஃபேனும் ஹீட்சிங்க்கும் அறைக் காற்றைவிடச் சில் என்று ஆக்காது. ஒரு லேப்டாப் அறையைவிட 65 டிகிரி கூடுதலாகச் சுடும் என்று வைத்தால், ஏசி அறையில் 25 டிகிரியில் அது 90. மே மாதத்து மதியம், மாடி அறையில் 40 டிகிரி என்றால் 105, அதாவது எல்லைக்கு மேல். ஜனவரியில் ஓடிய கேம் மே மாதத்தில் திக்குவதற்கு வைரஸ் தேட வேண்டியதில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் தெர்மல் த்ராட்லிங் வரியில் ‘யெஸ்’ வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். எஃப்பிஎஸ்ஸை 60க்குக் கட்டி வைப்பதும் கைகொடுக்கும். 95 ஃபிரேம் போட்டுச் சூடேறிச் சரிவதைவிட, 60 சீராக வருவது கண்ணுக்கு இதம்.

ராமில் சுருக்கமாக ஒன்று: டிடிஆர்4 3200 ஒரே குச்சியாக இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு குச்சிகளைச் சரியான இடத்தில் போட்டால் 51.2. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இந்த ஒழுங்கு எதிலும் அடங்காமல், கேமே ஓடாதபோதுகூட ஒரு விநாடி மவுஸ், ஒலி எல்லாம் சேர்ந்து நின்று பிறகு ஓடினால்? இதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி கட்டாயம் என்றானதும், ரைசன் கம்ப்யூட்டர் வைத்திருந்த பலர் பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) எஃப்டிபிஎம்மை, அதாவது தனிச் சிப் இல்லாமல் ஃபர்ம்வேரிலேயே இயங்கும் டிபிஎம்மை, இயக்கினார்கள். சிலருக்கு இப்படி அவ்வப்போது முழுக் கம்ப்யூட்டரும் நிற்கத் தொடங்கியது. அந்தப் பாதுகாப்புப் பகுதி தன் தகவலை மதர்போர்டில் பயோஸ் இருக்கும் மெதுவான ஃபிளாஷ் சிப்பில் படிக்கவும் எழுதவும் செய்கிறது, அது சில நேரம் இழுத்துக்கொண்டு போகிறது என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. பயோஸ் அப்டேட்டில் திருத்தமும் வந்தது. கேம், கார்டு, விண்டோஸ் மூன்றையும் மாற்றியிருந்தாலும் இது போயிருக்காது. இந்த அப்டேட்டைப் போடுமுன் பிட்லாக்கரை (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) நிறுத்தி வையுங்கள், ரெகவரி சாவியையும் எழுதி வையுங்கள்.

முழுதாக ஹேங் ஆவதில் காது நல்ல சாட்சி. படம் நின்றும் பாட்டு ஓடினால் பிராசசர் உயிரோடு இருக்கிறது, சிக்கியது கேமோ கார்டோதான். ‘ட்ர்ர்ர்’ என்று ஒரே ஒலி அறுபடாமல் வந்தால் நிலைமை வேறு. ஒலிச் சிப், நினைவகத்தில் ஒரு சின்ன வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் படிக்கிறது. பிராசசர் அதில் புது ஒலியை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றுபோனதால் பழைய துண்டே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

அடுத்து, விண்டோஸ் தன் பிழைகளை எண்ணோடு குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். டிஸ்ப்ளே 4101 இருந்தால், கார்டு 2 விநாடி பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்திருக்கிறது. கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தால் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டியிருந்தால்) முதலில் அதை எடுங்கள். 129 என்ற எண் ஸ்டோரேஜ் டிரைவரின் பெயரில் வந்தால் டிஸ்க்கோ அதன் கேபிளோ தகராறு செய்கிறது, அன்றே பேக்கப் எடுத்துவிடுங்கள். டபிள்யூஎச்இஏ லாகர் என்றால் வன்பொருளே பிழை சொல்கிறது. ராமை வேகமாக ஓட்டும் பயோஸ் அமைப்பான எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள். கெர்னல் பவர் 41ஐப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்த எண் சொல்வது, கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டும்தான். நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தாலும் அதுவே பதிவாகும்.