சொல் விளக்கம்: ஆன்டிஆக்ஸிடன்ட்டும் டி.என்.ஏ. செப்பனிடலும்

‘பெர்ரிப் பழங்களில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்கள் சேதமான டி.என்.ஏ.வைச் சரிசெய்கின்றன.’ ஆய்வுச் செய்திகள் தமிழுக்கு வரும்போது இப்படியொரு வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். எழுவாயும் சரி, செயப்படுபொருளும் சரி, பயனிலைதான் பொருந்தவில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் சேதத்தைத் தடுக்கும் பொருள். செப்பனிடுவது செல்லில் உள்ள நொதிகளின் வேலை. இரண்டையும் குழப்பாமல் எழுத வேண்டுமானால் சொற்களைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

‘ஆக்ஸி’ என்பதற்கு மூலம் ‘ஆக்ஸிஸ்’ என்ற கிரேக்கச் சொல். கூர்மை, புளிப்பு இரண்டையும் குறிக்கும். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் வாயு இருக்கிறது என்று நம்பிய பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, 1770களின் இறுதியில் ‘புளிப்பை உண்டாக்குவது’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று ஹம்ஃப்ரி டேவி 1810இல் காட்டிய பிறகும் பெயர் மாறவில்லை. அந்தப் பழைய பிழையை, ஆக்சிஜனுக்கான நம் ‘உயிர்வளி’ சுமக்கவில்லை என்பது ஒரு நல்ல விஷயம். டி.என்.ஏ.வின் விரிவான டிஆக்ஸிரைபோ நியூக்ளிக் அமிலத்திலும் இதே ‘ஆக்ஸி’தான் இருக்கிறது: ரைபோஸ் சர்க்கரையின் 2ஆம் கார்பனில் ஓர் ஆக்சிஜன் குறைந்தது என்று பொருள்.

ஆக்சிஜனேற்றம் என்றால் ஆக்சிஜன் வந்து சேர வேண்டும் என்பதில்லை. ஒரு மூலக்கூறு எலக்ட்ரானை இழந்தாலே அது ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம். இலங்கைப் பாடநூல்களில் இவை ஒட்சியேற்றம், தாழ்த்தல். ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் உடல்நலத் துறையில் பிறந்ததும் அல்ல. ரப்பர் வெடித்துப் போவதையும் எண்ணெய் காறிப்போவதையும் தள்ளிப்போடும் வேதிப்பொருள்களுக்கான தொழிற்சாலைச் சொல்லாகத்தான் அது பரவியது. மூரே, டூஃப்ரெஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள், அக்ரோலீன் கெட்டுப்போகாமல் சிறிதளவு ஹைட்ரோகுவினோன் காப்பதைக் கண்டு இத்தகைய பொருள்களை 1920களில் விரிவாக ஆராய்ந்தனர். உயிரியலில் சொல்லுக்கு இடம் கிடைத்தது அதன் பிறகுதான். தனியுறுப்புகளே (இணையில்லாத எலக்ட்ரானால் எளிதில் வினைபுரியும் துகள்களே) முதுமைக்குக் காரணம் என்ற கருதுகோளை டென்ஹம் ஹார்மன் 1956இல் முன்வைத்தார். சூப்பராக்சைடு என்ற தனியுறுப்பை அகற்றும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியின் செயலை மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969இல் கண்டறிந்தனர்.

இன்று பெரிதும் எடுத்தாளப்படும் வரையறை இது: ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாகும் பொருளைவிடக் குறைந்த செறிவில் இருந்தும், அந்த ஆக்சிஜனேற்றத்தைக் கணிசமாகத் தாமதப்படுத்தும் அல்லது தடுக்கும் பொருள். ‘குறைந்த செறிவில்’ என்ற பகுதியை விட்டுவிட்டால் வரையறையே நிற்காது. எதையும் கொட்டி நிரப்பினால் எதையாவது தடுக்கத்தான் செய்யும்.

தமிழில் இதற்குப் பல சொற்கள் உலவுகின்றன. ‘ஆக்சிஜன் எதிர்ப்பி’ தவறு. ஆக்சிஜனை அது எதிர்ப்பதில்லை. ‘எதிர்ப்பொருள்’ என்று முடியும் வடிவங்களையும் தவிர்க்கலாம், ஏனென்றால் நோய் எதிர்ப்பியலில் அந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கிறது. ‘தடுப்பான்’ பொருளளவில் சரிதான், ஆனால் நொதித் தடுப்பானோடு ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ ஏற்கெனவே வழக்கில் நிலைத்துவிட்டது; அதே வார்ப்பில் ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி’ என்பதே என் தேர்வு. முதல் முறை இதை எழுதிவிட்டு, பிறகு ‘எதிர்ப்பி’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

பெர்ரி என்பதும் வழுக்கும் சொல்தான். தாவரவியலில் அது சதைக்கனி: தக்காளி, திராட்சை, கத்தரி எல்லாம் அதில் அடக்கம். ஸ்ட்ராபெர்ரி அடங்காது, அது பொய்க்கனி, ராஸ்பெர்ரி திரள்கனி. ப்ளூபெர்ரியை ‘அவுரிநெல்லி’ என்கிறார்கள். அவுரிக்கும் நெல்லிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இனப்பெயர் வேண்டிய இடத்தில் பெர்ரி என்றே எழுதிவிடுவது மேல்.

இப்பழங்களின் சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் நிறமிகளால் வருவன. 1835இல் மார்க்கார்ட் உருவாக்கிய பெயர் அது. கிரேக்கத்தில் ‘ஆந்தோஸ்’ பூ, ‘கியானோஸ்’ நீலம். அமிலத்தில் சிவந்தும் காரத்தில் நீலம் பாரித்தும் இருக்கும். சோதனைக் குழாயில் இவை வலிமையான எதிர்ப்பிகள். உடலுக்குள் கணக்கு மாறுகிறது. பழம் தின்ற பிறகு இரத்தத்தில் காணும் உருமாறாத ஆந்தோசயனின் பெரும்பாலும் 100 நானோமோலாருக்கும் கீழே. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் சொந்த எதிர்ப்பியான குளுட்டாதயோன் 1 முதல் 10 மில்லிமோலார், அதாவது குறைந்தது பத்தாயிரம் மடங்கு. போதாததற்கு, டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் தூரத்துக்குள் எதையாவது தாக்கி அழிந்துவிடும். அதை ஓடிப்போய்ப் பிடிக்க எந்தப் பழச்சாற்றாலும் முடியாது. ‘தனியுறுப்புகளைத் துடைத்தெறிகிறது’ என்ற வருணனையில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இந்தக் கணக்கே காரணம். உணவின் எதிர்ப்பி வலிமையைச் சோதனைக் குழாயில் அளக்கும் ‘ஓராக்’ மதிப்புகளின் பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012இல் தன் தளத்திலிருந்து நீக்கியது. அந்த எண்களுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை.

மறைமுக வழி ஒன்று இருக்கலாம். சில பாலிபீனால்களும் (ஆந்தோசயனின் உள்ளிட்ட தாவரப் பொருள்களின் குடும்பம்) குடல் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்துத் தரும் பொருள்களும் கீப்1 புரதத்தின் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களில் வினைபுரிந்து, அது பிடித்துவைத்திருக்கும் என்.ஆர்.எஃப்.2 புரதத்தை விடுவிக்கும். அது உட்கருவுக்குள் போய் செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். இந்த இடத்தில் பழப்பொருளின் வேலை எதிர்ப்பதல்ல, மெல்லச் சீண்டுவது. எனவே ‘தூண்டி’ என்று எழுதுவதே முறை.

இனி, சேதமும் செப்பனிடலும். டி.என்.ஏ.வின் ‘எழுத்துகள்’ எனப்படும் நான்கு காரங்களில் எளிதில் ஆக்சிஜனேறுவது குவானின். அதன் வளையத்தின் 8ஆம் கார்பனில் ஆக்சிஜன் ஏறினால் 8-ஆக்ஸோகுவானின். இது சேதம், இன்னும் சடுதிமாற்றம் (எழுத்து வரிசையே நிலையாக மாறுவது) ஆகவில்லை. இழை படியெடுக்கப்படும்போது சைட்டோசினுக்குப் பதில் எதிரே அடினைன் உட்கார்ந்துவிடலாம். அடுத்த படியெடுப்பில் குவானின்–சைட்டோசின் இணை, தைமின்–அடினைன் இணையாகிவிடும். இப்போது இரண்டு இழைகளும் ஒத்துப்போவதால் பிழை என்று காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. அதனால் சேதத்தைச் செப்பனிடலாம். நிலைத்துவிட்ட சடுதிமாற்றத்தை இந்த நொதிகளால் செப்பனிட முடியாது. ‘சடுதிமாற்றத்தைச் சரிசெய்யும் உணவு’ என்று எழுதுவது இந்தக் கோட்டைத் தாண்டிய பிழை.

8-ஆக்ஸோகுவானினை நீக்கும் முறைக்குக் கார வெட்டிச் செப்பனிடல் என்று பெயர் தரலாம். ஓ.ஜி.ஜி.1 என்ற கிளைகோசைலேஸ் கெட்ட காரத்தை மட்டும் சர்க்கரையிலிருந்து கழற்றும், ஏ.பி.இ.1 வெற்றிடத்தில் இழையை வெட்டும்; பாலிமரேஸ் பீட்டா எதிர் இழையைப் பார்த்துச் சரியான நியூக்ளியோடைடை வைக்கும்; லிகேஸ் ஒட்டும். இதன் முதல் வகை நொதியை 1974இல் கண்டறிந்த தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் ஆகியோருடன் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ‘பழுதுநீக்கம்’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு. ஆனால் பழுதான காரத்தை வெட்டாமல், இருந்த இடத்திலேயே மீட்கும் நொதிகளும் உள்ளன. பொதுச்சொல்லாகச் ‘செப்பனிடல்’ இரண்டையும் தழுவும்.

தடுத்ததா, செப்பனிட்டதா என்பதை ஆய்வகத்தில் பிரித்தறியப் பயன்படுவது வால்மீன் சோதனை. செல்களைக் குறைவெப்பத்தில் உருகும் அகரோஸ் என்ற கூழ்மத்தில் பதித்து, 2.5 மோலார் உப்பும் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சலவைப்பொருளும் கலந்த பி.எச். 10 கரைசலில் 4 டிகிரியில் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்தால் சவ்வுகள் கரைந்து டி.என்.ஏ. மட்டும் மிஞ்சும். பிறகு 0.3 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 20 முதல் 40 நிமிடம் ஊறவைத்து, அதே கரைசலில் மின்புலம் செலுத்துவார்கள். முறிந்த இழைகள் வால் போல நீளும். ஆக்சிஜனேறிய காரங்கள் தாமாக வாலில் தெரியாது, அவற்றை அடையாளம் காணும் எஃப்.பி.ஜி. நொதியை விட்டு அந்த இடங்களையும் வெட்டி, நொதி இடாத தகட்டோடு ஒப்பிட வேண்டும்.

பழச்சாறு முதலில், சேதம் உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பிறகு, உடனே அளவீடு: வால் குட்டையானால் அது தடுப்பு. பெராக்சைடு முதலில், நன்றாகக் கழுவிவிட்டுப் பழச்சாறு, 37 டிகிரியில் வைத்து 0, 10, 30, 60ஆம் நிமிடங்களில் அளவீடு: சாறு இடாத செல்களைவிட வால் வேகமாகச் சுருங்கினால்தான் செப்பனிடல் என்ற சொல்லுக்கு இடம் உண்டு. கழுவுதல் அரைகுறையானால் சாறு பெராக்சைடோடு நேரே வினைபுரிந்து ஆளை ஏமாற்றிவிடும். சில வளர்ப்பு ஊடகங்களில் பாலிபீனால்கள் தாமே பெராக்சைடை உண்டாக்கும். அப்போது பாதுகாக்க வந்த பொருளே வாலை நீட்டும். செப்பனிடும் நொதிகள் இழையை வெட்டிவிட்டு ஒட்டுவதற்குள் செல்லை எடுத்துவிட்டாலும் வால் நீளும். அதைச் சேதம் என்று எண்ணிவிடக் கூடாது.

மனிதரிடம் செய்யும் ஆய்வுகளில் இந்த வசதி குறைவு. பெரும்பாலும் சிறுநீரில் 8-ஆக்ஸோ-டிஆக்ஸிகுவானோசினை (8-ஆக்ஸோகுவானின் சர்க்கரையோடு சேர்ந்த வடிவம்) அளப்பார்கள். அளவு குறைந்தால் சேதம் குறைந்திருக்கலாம். வெட்டி வெளியேற்றும் வேகம் குறைந்திருந்தாலும் இதே எண்தான் வரும். கூடினாலும் அப்படியே இரண்டு வாசிப்பு. படியெடுக்கக் காத்திருக்கும் நியூக்ளியோடைடுகள் ஆக்சிஜனேறி வெளியேறுவதும் இந்த எண்ணில் கலந்திருக்கும். ஆகவே இத்தகைய முடிவைத் தமிழில் தரும்போது ‘சிறுநீரில் இதன் அளவு குறைந்தது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘செப்பனிட்டது’ என்று எழுத, நொதியின் வேகத்தையே அளந்த தனிச் சோதனை ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறதா என்று பார்க்கவும்.