ஓடும்போது 'நரம்பு' பிடித்தால் உடனே உருவாதீர்கள்

பரீட்சை லீவு விட்டதும் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்குத் தொடையைப் பிடித்துக்கொண்டு பையன்கள் வர ஆரம்பிப்பார்கள். போன ஏப்ரலில் வந்தவனுக்கு 17 வயது. கூடவே அவன் ஆயா. "ஓடும்போது நரம்பு புடிச்சிகிச்சு சார். அன்னிக்கே எண்ணெ வெச்சி நல்லா உருவி வுட்டேன், வீக்கம் வடியவே இல்ல" என்றார். தொடையின் பின்பக்கம் முழங்கால் வரை நீலம் பாரித்திருந்தது.

பிடித்தது நரம்பு இல்லை, தொடையின் பின்பக்கம் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் என்கிற தசை. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் இந்தத் தசை நீண்டுகொண்டே காலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அப்போதுதான் இழை கிழிகிறது. 2017இல் லண்டனில் உசேன் போல்ட் தன் கடைசி ரிலேயில் பாதியிலேயே விழுந்ததும் இதே தசையால்தான்.

கிழிந்த இடத்தில் உள்ளே ரத்தம் கசியும். அந்த நேரத்தில் அழுத்தி உருவினால் கசிவு கூடும். ஆயாவின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை, நேரம்தான் தப்பு. முதல் மூன்று நாள் உருவுவது, சூடு ஒத்தடம், காலை இழுத்து நீட்டுவது எதுவும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் பெற்றோர் கவனியுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டிருந்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ, உட்காரும் இடத்து எலும்பில் வலித்தாலோ டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குத் தசை கிழியாமல், அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டே பெயர்ந்து வந்துவிடலாம். இவனுக்கு நல்லவேளையாக எலும்பில் ஒன்றும் இல்லை.

சரி, எப்படிப் பிடித்தது? போனில் உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியின் 60 மீட்டர் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் கோடு போட்டு ஓடியிருக்கிறார்கள். அரங்குக்குள் 100 மீட்டருக்கு இடம் பற்றாது, அதனால் 60. அமெரிக்க ஓட்டக்காரர் கிறிஸ்டியன் கோல்மன் 2018இல் 6.34 வினாடியில் ஓடியது உலக சாதனை. 2022இல் பெல்கிரேடில் நடந்த உலக உள்ளரங்கப் போட்டியில் இத்தாலியின் மார்செல் ஜேக்கப்ஸ், கோல்மன் இருவருக்குமே 6.41. ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்து, அதில் மூன்று பங்கு வித்தியாசத்தில் ஜேக்கப்ஸுக்குத் தங்கம். அதனால் கோட்டுக்கு முன் ஒருவரும் வேகத்தைக் குறைப்பதில்லை. தாண்டியபின் எதிரே இருக்கும் தடித்த மெத்தையில் போய் மோதி நிற்பார்கள். பையன்கள் அந்த மெத்தையைக் கவனிப்பதே இல்லை. இவர்கள் கோட்டுக்கு அப்பால் நின்றது ஒரு மீன்பாடி வண்டி. மோதாமல் இருக்க சடன் பிரேக் போட்டிருக்கிறான், அங்கேதான் பிடித்தது.

பத்து நாளில் வலியில்லாமல் நடந்தான், உடனே ஓடக் கேட்டான். நான் விடவில்லை. மறுபடி கிழிந்தால் ஆற இன்னும் நாளாகும். தசையை அழுத்தினால் வலிக்கக் கூடாது. மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒரே பலம் தெரிய வேண்டும். அப்புறம் ஜாகிங், அரை வேகம், முக்கால் வேகம்.

கூடவே நார்டிக் பயிற்சி கொடுத்தேன். மண்டியிட்டு, கணுக்காலை நண்பன் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்துக் கையூன்றி இறங்குவது. காசே செலவில்லை. இதைத் தொடர்ந்து செய்த விளையாட்டு அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. வியாசர்பாடியிலிருந்து வரும் கால்பந்துப் பையன்களுக்கும் இதையேதான் சொல்லித் தருகிறேன்.

ஏழாவது வாரம் அவன் முழு வேகத்தில் ஓடினான், கோட்டுக்கு அப்புறம் 30 மீட்டர் காலியாக இருந்த மைதானத்தில். ஆயாவும் பார்க்க வந்திருந்தார்.