சப்ஸ்கிரிப்ஷன்: சந்தாவா, வாடகையா?

கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு சின்ன லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் கைகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு திரிபவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிறைய உண்டு. பொம்மை நீராவி எஞ்சின், கடிகாரப் பல்சக்கரம், கடையில் கிடைக்காத பழைய மோட்டார் சைக்கிள் பாகம் என்று எதையாவது கடைந்துகொண்டிருப்பார்கள். இதில் வருமானம் இல்லை, வெறும் ஆசைதான். 2020 செப்டம்பரில் இந்தக் கூட்டத்தையே கோபப்படுத்திய ஒரு மாற்றம் வந்தது. செய்யப்போகும் பாகத்துக்கு அவர்கள் படம் வரையும் மென்பொருளான ஃபியூஷன் 360இன் சப்ஸ்கிரிப்ஷன் விதிகளை ஆட்டோடெஸ்க் நிறுவனம் திருத்தியது.

இதைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தால் கை தானாகச் ‘சந்தா’ என்று எழுதிவிடுகிறது. அகராதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் ‘சந்தா உயர்ந்தது’ என்று எழுதிப் படித்துப் பார்த்தால் அந்தக் கோபம் அதில் வரவில்லை. வார இதழுக்கு ஐந்து ரூபாய் ஏற்றியது போல இருக்கிறது. சொல் எங்கே இடறுகிறது என்று பார்க்க, அதன் வேர் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

லத்தீனில் ‘சப்’ என்றால் கீழே, ‘ஸ்க்ரீபெரே’ என்றால் எழுதுவது. ஒரு பத்திரத்தின் அடியில் பெயரை எழுதுவதுதான் சப்ஸ்கிரிப்ஷன். அதாவது கையெழுத்துப் போடுவது. மருத்துவர் தரும் பிரிஸ்கிரிப்ஷன், சினிமாக்காரர்களின் ஸ்கிரிப்ட் எல்லாம் இதே குடும்பம். ‘ஸ்க்ரீபெரே’யின் பழைய பொருள் கீறுவது. இரும்புத் துண்டில் நீலச் சாயம் பூசி, கோடு கிழிக்க ஃபிட்டர்கள் வைத்திருக்கும் கூரான கம்பியை ஸ்க்ரைபர் என்கிறார்களே, அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். ஆக, கொட்டகை லேத்துக்காரர் வாழ்நாள் முழுக்கத் தன் மேசையில் வைத்திருந்த கருவியும், அவர் தலையில் வந்து விழுந்த கட்டணமும் பங்காளிகள். (ஸ்க்ரைபரைப் பார்த்தால் நம் எழுத்தாணியின் தம்பி போலவே இருக்கும். ஓலையிலும் எழுதுவது என்பது கீறுவதுதானே.)

கையெழுத்து எப்படிக் கட்டணம் ஆனது? புத்தகம் அச்சடித்தவர்களால். அச்சுக்குப் பணம் இல்லாத ஆசிரியர், ‘நூல் வந்தால் வாங்கிக்கொள்கிறேன், இவ்வளவு தருகிறேன்’ என்று பலரிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பட்டியலைக் காட்டி வேலையை நடத்துவார். இங்கிலாந்தில் இப்படி வெளிவந்த முதல் நூல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஜான் மின்ஷூ 1617இல் கொண்டுவந்த பதினொரு மொழி அகராதி. அது சொற்களின் பிறப்பை ஆராய்ந்த அகராதி என்பது எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

தமிழிலும் இதே வழக்கம் இருந்தது, அதற்கு நல்ல சொல்லும் இருந்தது: கையொப்பம். 19ஆம் நூற்றாண்டில் நூல் பதிப்பித்தவர்கள் ‘கையொப்பம் சேர்த்தார்கள்’. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையரும் ஊர் ஊராகத் தெரிந்தவர்களிடம் கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். அப்படிப் பெயர் கொடுத்தவர் கையொப்பக்காரர். ஒப்பம் என்பது ஒப்புதலிலிருந்து வருவது. ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்பதற்குக் கை தரும் சாட்சி. லத்தீன்காரர்கள் அடியில் எழுதியதையே நினைத்தார்கள், நாம் எழுதியதற்குள் இருக்கும் சம்மதத்தைப் பிடித்துக்கொண்டோம். என்னைக் கேட்டால் நம்முடையதுதான் மேல். ஆனால் அந்தச் சொல் வெறும் கையெழுத்து என்ற பொருளுக்குள் சுருங்கிவிட்டது. அதன் நாற்காலியில் சந்தா வந்து உட்கார்ந்தது.

சந்தா இந்துஸ்தானி வழியாக வந்த பாரசீகச் சொல். ‘சில’, ‘எத்தனை’ என்று பொருள்படும் ‘சந்த்’ என்பதோடு உறவுடையது. பலர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்க்கும் பணம் அது. வட இந்தியாவில் துர்கா பூசைக்குத் தெருத்தெருவாக வசூலிப்பதையும் சந்தா என்றே சொல்வார்கள். நம் ஊரில் அதற்குத் தலைக்கட்டு வரி என்று பெயர். தமிழில் சந்தா இரண்டு இடங்களில் நிலைத்தது. ஒன்று சங்கம்: தொழிற்சங்கச் சந்தா, நூலகச் சந்தா. இலங்கை மலையகத் தோட்டங்களில் சந்தா என்றாலே சங்கத்துக்குக் கட்டுகிற பணம்தான். மற்றது பத்திரிகை: ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா.

மின்ஷூவின் கையெழுத்துக்காரர், நம் கையொப்பக்காரர், வார இதழ்ச் சந்தாதாரர் மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. பணம் கொடுத்தால் கைக்கு ஒரு பொருள் வரும், வந்தது அவர்களுடையது. எங்கள் வீட்டுப் பரணில் சந்தா கட்டி வாங்கிய இதழ்கள் சணல் கட்டோடு இன்னும் கிடக்கின்றன. சந்தாவை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. அதற்காக யாரும் வந்து பழைய இதழ்களைப் பூட்டிவிட்டுப் போகவில்லை.

சரி, இப்போது கொட்டகைக்குத் திரும்பலாம்.

ஆட்டோடெஸ்க்கின் பழைய வரைபட மென்பொருளான ஆட்டோகேட் வந்தது 1982இல். அன்றைய முறை எளிமையானது: ஒரு முறை பணம், பெட்டியில் வட்டு, உங்கள் கணினி ஓடும்வரை அதுவும் ஓடும். 2013இல் அடோபி தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சப்ஸ்கிரிப்ஷனில் மட்டுமே தருவேன் என்றது. ஆட்டோடெஸ்க் 2016 ஜனவரி 31ஆம் தேதியோடு தன் பெரும்பாலான தனி மென்பொருள்களுக்குப் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. ஃபியூஷன் 360 பிறந்ததே இந்தக் காற்றில்தான். கோப்புகள் எல்லாம் நிறுவனத்தின் கிளவுடில், அதாவது இணையம் வழியே எட்டும் அதன் கணினிகளில். ஆனால் பொழுதுபோக்காளர்களுக்கும் ஆண்டுக்கு 1,00,000 டாலருக்குள் சம்பாதிக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இலவசம். அதுவும் ஏதோ அரைகுறைப் பதிப்பு இல்லை. படம் வரைவதோடு, கணினியின் கட்டளையில் ஓடும் மெஷின் எந்தப் பாதையில் வெட்ட வேண்டும் என்ற கட்டளைகளையும் அதுவே எழுதித் தரும். அந்தப் பகுதிக்கு முன்பெல்லாம் தனியாகப் பெரும் பணம் கட்ட வேண்டியிருந்தது. கொட்டகைக்காரர்கள் ஓடிவந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

2020 அக்டோபரிலிருந்து அமலுக்கு வரத் தொடங்கிய திருத்தம் இதுதான். தனிப் பயன்பாட்டு உரிமத்துக்கான வருமான வரம்பு 1,000 டாலர். திருத்தக்கூடிய நிலையில் பத்துக் கோப்புகள் மட்டுமே. உளியையோ பாகத்தையோ சாய்த்தும் திருப்பியும் வெட்டும் நான்கு, ஐந்து அச்சு வேலை கிடையாது. தானாக உளி மாற்றும் கட்டளை கிடையாது. அப்புறம் மிக அதிகமாகத் திட்டு வாங்கிய ஒன்று: ரேபிட் கிடையாது.

அது என்ன ரேபிட்? வெட்டுளி உலோகத்தைத் தொடாமல், காற்றில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது மெஷின் முழு வேகத்தில் ஓடலாம். அதற்கான கட்டளை ஜி0. உலோகத்தை வெட்டும்போது நிதானமாக நகர்வதற்கான கட்டளை ஜி1. இலவசப் பதிப்பு இனி எல்லா ஜி0வையும் வெட்டு வேகத்து ஜி1ஆக மாற்றியே கொடுக்கும். உளி வெறுங்காற்றை வெட்டிக்கொண்டு ஊர்ந்து போகும். நிமிடத்துக்கு 2,500 மில்லிமீட்டர் ஓடக்கூடிய மெஷினில் 250 மில்லிமீட்டர் தூரம் நகர ஆறு நொடி போதும். வெட்டு வேகம் 300 என்று வைத்தால் அதே தூரத்துக்கு 50 நொடி. ஒரு பாகத்துக்கு இப்படி நூறு நகர்வு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் அவருடையது, மோட்டார் அவருடையது, மின்சாரம் அவருடையது, வேகம் மட்டும் இன்னொருவர் கையில். பத்துக் கோப்பு வரம்பைக்கூடச் சமாளிக்கலாம். வேண்டாததை மூடிவைத்து வேண்டியதைத் திறந்துகொள்ளும் வழி இருந்தது. இந்த ரேபிட் விஷயம்தான் ஆளைச் சீண்டியது. கட்டளைக் கோப்பில் புகுந்து ஜி1ஐ மறுபடி ஜி0வாக மாற்றும் குட்டி நிரல்களைச் சிலர் எழுதினார்கள். அதில் ஒரு வரி தப்பினால் உளி முழு வேகத்தில், பாகத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் வைஸிலேயே போய் மோதும்.

படத்தை ஸ்டெப் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியையும் நீக்கப்போவதாக முதலில் அறிவித்திருந்தார்கள். ஸ்டெப் என்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாத பொது வடிவம். ஒரு மென்பொருளைக் காலி செய்துவிட்டு இன்னொன்றுக்குக் குடிபோக நினைப்பவருக்கு சாமான் எடுத்துப்போகும் வாசல் அது. அதை அடைக்கப்போகிறார்கள் என்றதும் எழுந்த கூச்சலைப் பார்த்து, அந்த முடிவை மட்டும் சில நாளில் கைவிட்டார்கள்.

‘தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?’ என்று கேட்கலாம். அன்றைக்கு அங்கேயும் பலர் இதே நியாயத்தைச் சொல்லத்தான் செய்தார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மென்பொருள் எழுதுபவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த மாட்டை நம்பிப் பலர் வண்டி கட்டிவிட்டார்கள். வருடக்கணக்கில் வரைந்த படங்கள் எல்லாம் அந்தக் கிளவுடில் இருந்தன.

கட்டணப் பதிப்பின் கதையும் ஏறுமுகம்தான். ஆண்டுக்கு 310 டாலராக இருந்தது 2018 அக்டோபரில் 495 ஆனது. அதுவரை பல மடங்கு விலையில் தனியாக விற்ற உயர்நிலை வசதிகளையும் அதிலேயே சேர்த்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. பிறகு 545, 2024இல் 680. ஐந்தாறு ஆண்டில் இரட்டிப்புக்கும் மேல். தொழிற்சாலைக்கு இது தேநீர்ச் செலவு. ஆண்டுக்கு நாலு பாகம் கடைபவருக்கு ஒரு நல்ல வெட்டுளிப் பெட்டியின் விலை.

இப்போது சொல்லுக்கு வருவோம். இந்தக் கட்டணத்தை நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்? பரணில் கட்டிவைக்க ஒன்றும் இல்லை. கருவி நின்றுவிடும். பணம் கட்டும்வரை உள்ளே இருக்கலாம், கட்டாவிட்டால் வெளியே. விலையையும் விதியையும் வீட்டுக்காரர் மாற்றுவார், பிடிக்காவிட்டால் காலி செய்யலாம். தமிழில் இதற்குப் பெயர் வாடகை. சந்தா என்ற சொல்லைப் போட்டவுடன் ‘ஏதோ ஒன்று நமக்குச் சேர்கிறது’ என்ற பத்திரிகைக்கால நினைவும், ‘நாமும் இதில் ஓர் அங்கம்’ என்ற சங்கத்து நினைவும் கூடவே வந்துவிடுகின்றன. இரண்டும் இங்கே இல்லை.

குத்தகை பொருந்தாதா என்று கேட்பார்கள். குத்தகையில் விளைச்சல் குத்தகைக்காரருக்கு, காலம் முன்கூட்டியே பேசி முடிவானது, நடுவில் நிலத்தின் பாதியை வேலி போட்டு அடைக்க முடியாது. அதனால் வாடகைதான் நெருக்கம். வாடகையும் ‘பாடக’ என்ற வடசொல்லின் வழி வந்ததுதானே என்று தனித்தமிழ் அன்பர்கள் புருவம் தூக்கினால், குடிக்கூலி என்ற பழைய சொல் இருக்கிறது. வீட்டுக்கு அழகான சொல். மென்பொருளுக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது, பழகினால் ஒருவேளை போய்விடலாம்.

யூட்யூபில் சப்ஸ்கிரைப் என்பதற்கு ‘குழுசேர்’ என்று ஒரு சொல் பார்த்திருப்பீர்கள். அங்கே அது சரி, ஏனென்றால் அங்கே பணம் இல்லை. 680 டாலர் கட்டுகிறவரைப் பார்த்துக் ‘குழுசேர்ந்துவிட்டார்’ என்றால் கோபித்துக்கொள்வார்.

இதன் எதிர்ப்பக்கச் சொல்லான பெர்பெச்சுவல் லைசென்ஸுக்கும் ஒரு வார்த்தை. ‘சொந்தமாக வாங்குவது’ என்று அதைச் சொல்வது தளர்வான பேச்சு. அங்கேயும் மென்பொருள் உங்களுக்குச் சொந்தமாவதில்லை, காலவரம்பில்லாமல் பயன்படுத்தும் அனுமதிதான் கிடைக்கிறது. பழைய பத்திரங்களில் வரும் ‘சாசுவதம்’ இதற்கு நன்றாகப் பொருந்தும்: சாசுவத உரிமம். கல்வெட்டுக்காரர்கள் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று வெட்டிவைத்தார்கள். மென்பொருளில் அது விண்டோஸின் அடுத்த பதிப்பு வரும்வரை என்று ஆகிவிடுவதும் உண்டு. கொட்டகைக்காரர்களில் ஒரு சாரார் இன்னும் சாசுவத உரிமம் விற்கும் அலிப்ரே என்ற மென்பொருள் பக்கம் போனார்கள். இன்னொரு வரைபட மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் 2021இல் பொழுதுபோக்காளர்களுக்கென்று ஆண்டுக்கு 99 டாலரில் ஒரு பதிப்பை அறிவித்தது. அதுவும் வாடகை, குறைந்த வாடகை. 2002இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட் 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. அதற்கு வாடகையும் இல்லை, சாசுவதமும் தேவையில்லை. வேண்டுமானால் விரும்பியவர் ஆளுக்குக் கொஞ்சம் நன்கொடை தரலாம். பாரசீகக்காரர் சொன்ன அசல் சந்தா அங்கேதான் இருக்கிறது.

ஆக, இதழுக்கும் சங்கத்துக்கும் சந்தா இருக்கட்டும். மென்பொருளுக்கு நான் ‘ஆண்டு வாடகை’, ‘வாடகை உரிமம்’, ‘வாடகை ஏற்றம்’ என்றே எழுதப்போகிறேன். சப்ஸ்கிரைபரை என்ன சொல்வது என்றுதான் கொஞ்சம் யோசித்தேன். குடித்தனக்காரர் என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. கடைசியில் வாடகைதாரர் என்று வைத்துக்கொண்டேன். சந்தாதாரரில் இருந்த அதே பாரசீகத் ‘தார்’ இதிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, போகட்டும்.