ஒரே பெயர், வேறு வேறு டியூப்: கலைஞர் தர நீர்வண்ணங்களை ஒப்பிடும் முறை

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தளக்கல் வார்க்கும் பட்டறைகளில், கண்ணாடித் தகட்டின் மேல் வைத்த அச்சுக்குள் ஊற்றப்படும் சிவப்புக் குழம்புக்கு நிறம் தருவது சிமெண்டில் கலந்த இரும்பு ஆக்சைடு. கானாடுகாத்தான் தெருக்களில் அமர்ந்து நகரத்தார் வீடுகளைத் தீட்டும் ஓவியரின் பெட்டியில் ‘இந்தியன் ரெட்’, ‘பர்ன்ட் சியன்னா’ என்ற பெயர்களோடு கிடக்கும் டியூபுகளில் இருப்பதும் இரும்பு ஆக்சைடுதான். மூட்டைக் கணக்கில் வாங்கக்கூடிய ஒரு பொருள் 5 மில்லி டியூபுக்குள் போனதும் விலை ஏறுவதையும், ஒரே பெயருள்ள நிறம் மாணவர் தரத்தில் ஒரு விலைக்கும் கலைஞர் தரத்தில் அதைப்போல் பல மடங்கு விலைக்கும் விற்கப்படுவதையும் பார்ப்பவர்களுக்கு, இந்த வேறுபாடு எதற்காக என்ற கேள்வி எழுவது இயல்பு. டியூபுக்குள் என்ன இருக்கிறது, அது காகிதத்தின் மேல் ஒளியை என்ன செய்கிறது என்ற இரண்டையும் அறிந்தால் விடை கிடைத்துவிடும்.

நீர்வண்ணத்தின் சேர்மானம் எளியது. நிறமித் தூள், அதைக் காகிதத்தோடு பிடித்து வைக்கும் அரபுப் பிசின், காய்ந்து வெடிக்காமல் காக்கும் கிளிசரின் அல்லது தேன், தண்ணீரில் சீராகப் பரவ உதவும் ஒரு பொருள், பூஞ்சையைத் தடுக்கும் மருந்து சிறிதளவு, அவ்வளவுதான். அரபுப் பிசின் சூடான் போன்ற நாடுகளின் வேல மரங்களிலிருந்து வருகிறது. நம் ஊர்க் கருவேலம் பிசின் அதற்கு நெருங்கிய உறவு. (சிவகங்கைச் சீமையெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு இனம்.) மாணவர் தர வண்ணத்தில் நிறமியின் அளவு குறைக்கப்பட்டு, அந்த இடத்தைச் சுண்ணத்தூள், டெக்ஸ்ட்ரின் போன்ற மலிவான பொருள்கள் நிரப்புகின்றன. காட்மியம், கோபால்ட் போன்ற விலை மிகுந்த நிறமிகளுக்கு மாற்றாகப் பார்வைக்கு ஒத்த வேறு நிறமிகளைச் சேர்த்து, பெயரோடு ‘ஹ்யூ’ என்று அச்சிடுவதும் வழக்கம். கலைஞர் தரத்தில் நிறமி மிகுந்திருக்கும். அந்தந்த நிறமி ஏற்கும் அளவுக்குப் பிசின் சேர்த்து, உருளை ஆலையில் அதற்கு வேண்டிய நேரம் அரைத்திருப்பார்கள்.

நிறமியின் மிகுதி ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஒளியின் பாதையைப் பார்க்க வேண்டும். நீர்வண்ணத்தில் ஒளி மெல்லிய நிறமிப் படலத்தைக் கடந்து, வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பி, அதே படலத்தின் வழியாக மீண்டும் வெளியேறுகிறது. அதாவது ஒரே வடிகட்டியை இரண்டு முறை கடக்கிறது. இடையில் நிரப்பித் துகள்கள் இருந்தால் அவை ஒளியைக் காகிதம் வரை போகவிடாமல் சிதறடிக்கின்றன. நிறம் சுண்ணாம்பு பூத்ததுபோல் மங்குகிறது. ஈரத்தில் அடர்ந்து தெரிந்த நிறம் காய்ந்ததும் வெளிறுவதற்கும் சிதறலே காரணம். காகித இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, தண்ணீரின் எண் 1.33, காற்றின் எண் 1. இழைகளுக்கு இடையில் தண்ணீர் நிற்கும் வரை இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதாக இருப்பதால் சிதறல் குறைவு. தண்ணீர் வெளியேறி அந்த இடத்தில் காற்று புகுந்ததும் சிதறல் கூடி நிறம் வெளிறுகிறது. ஆகவே இரண்டு வண்ணங்களை ஈரத்தில் வைத்து ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

ஒப்பீட்டின் முதல் வேலையைத் தூரிகை எடுப்பதற்கு முன்பே முடித்துவிடலாம். நல்ல நிறுவனங்கள் டியூபின் மேல் நிறமியின் சர்வதேசக் குறியீட்டை அச்சிடுகின்றன: அல்ட்ராமரின் நீலம் என்றால் பிபி29, தாலோ நீலம் என்றால் பிபி15, செயற்கை இரும்பு ஆக்சைடுச் சிவப்பு என்றால் பிஆர்101, இயற்கை மண் பழுப்பு என்றால் பிபிஆர்7. வின்சர் அண்ட் நியூட்டனின் கலைஞர் தர ‘பர்ன்ட் சியன்னா’ பிஆர்101 கொண்டு செய்யப்படுகிறது. டேனியல் ஸ்மித்தின் ‘பர்ன்ட் சியன்னா’ பிபிஆர்7 கொண்டு செய்யப்படுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இவற்றை அருகருகே தீட்டிப் பார்த்து, எந்த நிறுவனம் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்மையில் இரண்டு வெவ்வேறு பொருள்களைத்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். நிறுவனங்களின் தயாரிப்புத் திறனை அறிய வேண்டுமானால் ஒரே குறியீடுள்ள டியூபுகளை எடுக்க வேண்டும். அதற்கு பிபி29 மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து, ஏனெனில் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அதைச் செய்கின்றன, விலையும் மிகாது.

அந்த நீலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்துப் பெற்ற அல்ட்ராமரின் ஐரோப்பாவில் தங்கத்தோடு ஒப்பிடும் விலைக்கு விற்ற காலம் உண்டு. பிரான்சில் 1824-இல் அறிவித்த பரிசை, அதைச் செயற்கையாகச் செய்யும் முறைக்காக 1828-இல் கிமே என்பவர் பெற்றார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சூடாக்கினால் அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் பின்னிய கூடுகள் உருவாகின்றன. கூடுகளுக்குள் சிறைப்பட்ட, மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த தொகுதி மஞ்சள் ஒளியை விழுங்குவதால் நமக்கு நீலம் தெரிகிறது. அமிலம் பட்டால் கூடு உடைந்து நிறம் போய்விடும். காரத்தில் அப்படி எளிதில் சிதையாது. வெள்ளைத் துணிக்குப் போட நம் வீடுகளில் வாங்கிய நீலப் பொடியும், சுண்ணாம்போடு கலந்து சுவருக்கு அடித்த நீலமும் இதே பொருள்தான். மாறாக, பிரஷ்யன் நீலமான பிபி27 சுண்ணாம்பின் காரத்தில் நிறமிழந்து பழுப்பாகிவிடும்.

அல்ட்ராமரின் துகள்கள் ஒப்பளவில் பெரியவை. நீரில் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு, காகிதத்தின் பள்ளங்களில் படிகின்றன. காய்ந்த பூச்சில் தெரியும் அந்த மணல்தன்மையைச் சிலர் குறையாக எண்ணுகிறார்கள். எனக்கு அதுவே இந்த நிறமியின் அழகு. 1935-இல் சந்தைக்கு வந்த தாலோ நீலத்தின் துகள்களோ ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய நுண்மை கொண்டவை. இழைகளுக்குள் புகுந்து கறையாகப் பிடித்துக்கொள்வதால் ஈரத் தூரிகையால் தேய்த்தாலும் முழுமையாக எழும்பாது. தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. கடின நீரிலுள்ள கால்சியம் துகள்களைத் திரளச் செய்து மணல்தன்மையைக் கூட்டும். செட்டிநாட்டு வீடுகளில் வளவின் (உள் முற்றத்தின்) ஓடுகளிலிருந்து வழியும் மழைநீரைப் பாத்திரங்களில் பிடித்து வைப்பார்கள். அந்த மென்னீரில் ஒரு கோடும் கடினமான கிணற்று நீரில் ஒரு கோடும் போட்டுப் பார்த்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம். எனவே ஒப்பிடும்போது எல்லா டியூபுக்கும் ஒரே தண்ணீர், ஒரே காகிதம் இருக்க வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம் நல்லது.

சோதனைகளைப் பொறுத்தவரை, கெட்டியான பூச்சிலிருந்து வெறும் நீர் வரை ஒரே இழுப்பில் தீட்டினால் நிறமியின் வலிமை தெரியும்: ஒரே குறியீடுள்ள டியூபுகளில், எவ்வளவு நீர் சேர்த்த பின்னும் நிறம் நிற்கிறதோ அவ்வளவு நிறமி உள்ளே இருக்கிறது. நீரில் கரையாத கறுப்பு மைக் கோட்டின் மேல் தீட்டினால் ஒளிபுகும் தன்மையும், காய்ந்த பின் ஈரத் தூரிகையால் துடைத்தால் கறையும் தெரிந்துவிடும். அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னாவைக் கலக்கும் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. நீலமும் செம்பழுப்பும் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பல் நிறமாகும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பிற்பகல் நிழலுக்கு அதைவிடப் பொருத்தமான சாம்பல் டியூபில் வருவதில்லை. பல நிறமி கலந்த மலிவு டியூபுகளில் இதே கலவை சேறாகிவிடுவதுண்டு, ஏனெனில் ஒவ்வொரு கூடுதல் நிறமியும் ஒளியின் மற்றொரு பகுதியை விழுங்குகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது வெயில் சோதனை. ரஸல், ஆப்னி என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் நீர்வண்ணங்களின் மீது ஒளியின் விளைவு பற்றி 1888-இல் அறிக்கை அளித்தார்கள். காற்றும் ஈரமும் இல்லாத வெற்றிடத்தில் பெரும்பாலான வண்ணங்கள் வெளிறவில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஒளி நிறமி மூலக்கூறைக் கிளறிவிடுகிறது. ஆக்சிஜனும் ஈரமும் அதைச் சிதைத்து முடிக்கின்றன. இன்று அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் நிறமிகளை ஒளியில் வெளிறாமல் நிற்கும் உறுதியின்படி ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துகிறது. முதல் இரண்டு வகைகளே ஓவியருக்கு ஏற்றவை. பெயர் பெற்ற ‘அலிசரின் கிரிம்சன்’, அதாவது பிஆர்83, நான்காம் வகை. கலைஞர் தரம் என்று அச்சிட்ட டியூபிலும் இந்த நிறமி விற்கப்படுகிறது என்பதை வாங்குவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வாங்கியவரின் ஓவியம் அவர் கண்ணெதிரிலேயே வெளிறக்கூடும். அதற்கு மாற்றாக 1958 முதல் கிடைக்கும் குவினாக்ரிடோன் சிவப்பான பிவி19 மிக உறுதியானது.

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒவ்வொரு வண்ணத்தையும் அடர்த்தியாகவும் வெளிராகவும் தீட்டிய காகிதத்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மூடிய பீரோவிலும் மறு பாதியை வெயில் விழும் சாளரத்தில் சாதாரணக் கண்ணாடிக்குப் பின்னாலும் வைக்க வேண்டும். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் நிறக்கண்ணாடிச் சாளரம் இதற்கு உதவாது. அது ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். பங்குனி தொடங்கி ஆவணி வரை வைத்து, மாதந்தோறும் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால், வெளிர்ப் பூச்சில்தான் முதலில் மாற்றம் தெரியும். படலம் மெலிதாக இருப்பதால் அங்கே உள் அடுக்குக்குப் பாதுகாப்பு இல்லை. இரும்பு ஆக்சைடுகள் அசைய மாட்டா. இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்துவிட்டதால் அதற்கு மேல் ஆக்சிஜனேற்றம் நடக்க இடமில்லை. ஆத்தங்குடித் தளங்களின் சிவப்பு தலைமுறைகள் தாண்டியும் நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்த வட்டாரத்தைத் தீட்டத் தொடங்குபவருக்கு பிபி29, பிபி15, பிவி19, உறுதியான மஞ்சளான பிஒய்154, காவி மஞ்சளுக்கு பிஒய்42 அல்லது பிஒய்43, செம்பழுப்புக்கு பிஆர்101 அல்லது பிபிஆர்7 ஆகிய ஆறு டியூபுகளைப் பரிந்துரைப்பேன். மண் நிறங்களும் அல்ட்ராமரினும் பொதுவாக நிறுவனங்களின் மிகக் குறைந்த விலை வரிசையில் வருபவை என்பதால், முதலில் கலைஞர் தரத்தில் வாங்க வேண்டியவை அவையே. தேன் சேர்த்துச் செய்யும் செனலியே, எம். கிரகாம் போன்றவை கோடையிலும் வெடிக்காமல் இளகி நிற்கும். ஆனால் ஐப்பசி மழைக்காற்றில் ஈரத்தை இழுத்துப் பெட்டிக்குள் கசியக்கூடும் என்பதால், அந்த மாதங்களில் பெட்டியைச் சாய்க்காமல் தட்டையாக வைக்க வேண்டும்.