சிவப்பணு அதிகம், ஹீமோகுளோபின் குறைவு: இது எப்படி?

கடலூர் முதுநகர் வாசகி ஒருவர் தன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஹீமோகுளோபின் 10.8, ஆர்பிசி கவுண்ட் (சிவப்பணு எண்ணிக்கை) 5.6. "ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துட்டாங்க. ஆனா சிவப்பணு அதிகம்னு அம்புக்குறி போட்டிருக்கே, எது சரி?" என்று கேட்டிருந்தார்.

இரண்டுமே சரி. 5.6 என்பது ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 56 லட்சம் சிவப்பணுக்கள். பெண்களுக்குச் சுமார் 40 முதல் 50 லட்சம் வரை இயல்பு, ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறும். உடலில் நீர் வற்றினாலும், புகைபிடித்தாலும் எண்ணிக்கை ஏறும். ஆனால் அணு எத்தனை என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்பதும் தெரிய வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த கருவி வருகிறது. ஒரு காலத்தில் ரத்தத்தை நீர்க்கச் செய்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க எண்ணினார்கள். வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கர் வேறு வழி கண்டுபிடித்து 1953இல் காப்புரிமை பெற்றார். உப்புநீரில் கலந்த ரத்தத்தை மயிரிழை அளவுள்ள ஒரு துளை வழியாக உறிஞ்ச வேண்டும். துளையின் இரு பக்கமும் மின்முனைகள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், சிவப்பணுவின் சவ்வு கடத்தாது. அதனால் ஓர் அணு துளைக்குள் நுழைந்ததும் மின்தடை ஒரு கணம் கூடி, ஒரு துடிப்பு பதிவாகிறது. துடிப்புகளை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். அணு எவ்வளவு உப்புநீரை விலக்குகிறதோ அந்த அளவுக்குத் துடிப்பும் உயரும். ஆக, துடிப்பின் உயரமே அணுவின் கன அளவு! எண்ணவும் அளக்கவும் ஒரே துடிப்பு போதும். சில நொடிகளில் ஆயிரக்கணக்கான அணுக்கள் கடந்துபோகும். இரண்டு அணுக்கள் ஒட்டிக்கொண்டு போனால் கருவி ஏமாந்து ஒன்றாகத்தான் எண்ணும். குளிரில் அணுக்கள் கட்டிக்கொள்ளும் சிலருடைய ரத்தத்தில் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து, அளவு பொய்யாக ஏறுவது இதனால்தான். குழாயை 37 டிகிரிக்குச் சூடாக்கி மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

அந்த அளவின் சராசரிதான் தாளில் எம்சிவி என்று வருவது. 80 முதல் 100 வரை இயல்பு. வாசகிக்கு 64. துறைமுகத்தில் கூடைகள் நிறைய இறங்கியும் எல்லாம் சின்னக் கூடை என்றால் மீன் குறைவாகத்தானே இருக்கும்? அப்படித்தான் இதுவும்: கூடை சிவப்பணு, அதற்குள் இருக்கும் மீன் ஹீமோகுளோபின்.

இரும்புச்சத்துக் குறைவிலும் அணுக்கள் சிறுக்கும். ஆனால் மூலப்பொருள் இல்லாததால் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியும் படுத்துவிடும். தலசீமியா மைனர் என்ற பரம்பரைக் குறையில் இரும்பு இருக்கும், ஹீமோகுளோபினின் இன்னொரு பாகமான குளோபின் புரதம்தான் போதாது. மஜ்ஜை சிறிய அணுக்களை நிறையச் செய்து தள்ளும். எம்சிவியை ஆர்பிசி கவுண்டால் வகுத்து இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம் என்று மென்ட்சர் என்ற மருத்துவர் 1973இல் எழுதினார். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சாய்கிறது, மேலே போனால் இரும்புக் குறைவு. 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11.4. இது துப்புதான், தீர்ப்பு அல்ல.

இந்த வகுத்தலுக்குச் செலவே இல்லை. ஆனாலும் ஹீமோகுளோபின் குறைந்தாலே மாத்திரை, இல்லாவிட்டால் பீட்ரூட் ஜூஸ். பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் எந்த உறவும் கிடையாது. பத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகள் இந்த ஒரு பொருத்தத்தையும் பார்த்தால் நல்லது. கணவன் மனைவி இருவருமே பீட்டா தலசீமியா மைனராக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கல்லூரியிலேயே இதற்கான பரிசோதனையை அரசு இலவசமாகச் செய்யலாம் என்பது என் கட்சி.

வாசகி அடுத்துக் கேட்க வேண்டியவை இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தலசீமியா மைனரைக் காட்டிக்கொடுக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற இரண்டு பரிசோதனைகள். சிலருக்கு இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கும். அதனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.