தொழில் தொடங்கும் அன்றே பிரைவேட் லிமிடெட் வேண்டுமா?

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் என்னைப் போன்ற ஆடிட்டர்களிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்ய எத்தனை நாள் ஆகும்?" என்பதுதான். முதல் பில் யார் பெயருக்குப் போடப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. குறைந்த செலவில் பதிவு செய்து தருவதாக வரும் விளம்பரங்கள், பதிவுக்குப் பின் வரும் பொறுப்புகளைச் சொல்வதில்லை.

கம்பெனி பதிவான 30 நாளுக்குள் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். பங்குத்தொகை செலுத்தப்பட்டது என்ற உறுதிமொழியை 180 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் நடக்காத ஆண்டிலும் தணிக்கை கட்டாயம். கம்பெனிப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கைக்கு ஒரு படிவம், ஆண்டறிக்கைக்கு இன்னொன்று தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் என்று சட்டம் சொல்கிறது. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். நண்பர்கள் இருவர் ஆர்வமாகத் தொடங்கியிருப்பார்கள். ஒருவருக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கும். கம்பெனி அப்படியே கிடக்கும். அத்தகைய கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சரக்கு வாங்கியிருக்க வேண்டிய பணம் அபராதமாகப் போகிறது.

தனி உரிமையாளராகத் தொடங்குபவருக்கு இந்தச் சுமை இல்லை. பான், ஆதார், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு இலவசமாகத் தரும் உத்யம் பதிவு, தொழில் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு, அந்தத் தொழிலுக்குரிய உரிமங்கள் இருந்தால் பில் போட ஆரம்பித்துவிடலாம். ஜிஎஸ்டி பதிவும் பலருக்கு உடனே தேவைப்படாது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் ரூபாய் வரை பொதுவாக விலக்கு உண்டு. வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புபவர்கள் மட்டும் இந்த விலக்கு பொருந்துமா என்று முதல் பில்லுக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் பதிவு வாங்கிவிட்டால், விற்பனை இல்லாத மாதங்களுக்கும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் கலக்காமல் இரண்டு மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது. வங்கிகள் தொழில்கடன் கொடுக்கும்போது புரட்டிப் பார்ப்பது அந்த ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கையும் வங்கி வரவுசெலவையும்தான். பிறகு தொழில் வளர்ந்தால், அதை அப்படியே கம்பெனியாக மாற்றிக்கொள்ளலாம். சொத்தும் கடனும் முழுவதும் கம்பெனிக்குப் போய், ஈடாகப் பங்குகள் மட்டுமே பெற்று, பாதிக்குக் குறையாத வாக்குரிமையை ஐந்தாண்டுகள் வைத்திருந்தால், அந்த மாற்றத்துக்கு மூலதன ஆதாய வரியும் (சொத்து கைமாறும்போது வரும் லாபத்தின் மீதான வரி) இல்லை. காத்திருப்பதால் பெரும்பாலானோருக்குப் பெரிதாக எதுவும் கைநழுவிப் போவதில்லை.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. கம்பெனியில் உரிமையாளரின் பொறுப்பு பொதுவாக அவர் போட்ட பங்குத்தொகையோடு நிற்கும்; தனி உரிமையாளரின் தொழில்கடனோ அவருடைய சொந்த வீட்டையும் தொடும். பெரிய இழப்பீடு கேட்கப்படக்கூடிய ஒப்பந்தங்களில் இறங்குபவர்களும், வெளி முதலீட்டாளர் பணத்தோடு தயாராக நிற்பவர்களும் கம்பெனியாகவே தொடங்குவது சரி.

அவசரப்பட்டுப் பதிவு செய்துவிட்டு, கம்பெனியைச் சும்மா வைத்திருப்பவர்கள் இன்னும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு நிதியாண்டுகளாக வியாபாரம் நடக்கவில்லை என்றால், நிலுவைப் படிவங்களையும் கடன்களையும் முடித்துவிட்டு, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கின் அறிக்கைகளை எடுத்துக்கொண்டு இந்த மாதமே உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.