சுவருக்குப் பின்னால் போன பிறகும் ஏன் சாகிறோம்?

சேலம் அம்மாபேட்டையில் ஒருவர், ஏற்காடு நாகலூரில் ஒருவர். கைபேசியில் இரண்டாம் உலகப் போர் விளையாட்டு, எதிரெதிர் அணி. அம்மாபேட்டைக்காரர் கையில் ஜெர்மன் படையின் கார் 98 துப்பாக்கி. நாகலூர்க்காரர் இடிந்த சுவரை நோக்கி ஓடுகிறார், மறைந்தும் விடுகிறார். அதற்குப் பிறகு அவர் தலையில் விழுகிறது குண்டு, ஹெட்ஷாட். ‘ஹேக் போட்டிருக்கான்’, அதாவது ஏமாற்று மென்பொருள் வைத்திருக்கிறான் என்று திட்டுவதுதான் வழக்கம். பெரும்பாலும் அது ஹேக் இல்லை, கணக்கு.

இருவருக்கும் நடுவே ஒரு மலைச்சாலைப் பயணத் தூரம்தான். ஆனால் தோட்டா நேராக மலை ஏறாது. ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வர் மும்பையில் இருந்தால் அங்கே போய்த்தான் ஏற்காட்டுக்குத் திரும்பும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். இழையின் நீளம் 1,200 கிலோமீட்டர் என்று வைத்தால் போக வர 12 மில்லிநொடி. இப்படிச் செய்தி போய்த் திரும்பும் நேரம்தான் பிங். திரையில் பிங் 40 என்று காட்டுவது ஏன்? மீதி நேரத்தை டவரும் வழியிலுள்ள ரூட்டர்களும் தின்றுவிடுகின்றன.

சர்வர் நமக்குப் படம் அனுப்புவதில்லை. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்ற எண்களை மட்டும் அனுப்புகிறது. நொடிக்கு 20 முறை அனுப்பினால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 50 மில்லிநொடி இடைவெளி. வந்ததை வந்தபடியே வரைந்தால் எதிரி தவளை போலத் தாவுவான். அதனால் கைபேசி இரண்டு தகவல்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட ஓட்டத்தைத் தானே நிரப்பி வரைகிறது. அதற்கு விலை 100 மில்லிநொடித் தாமதம். ஆக, நாம் குறிவைக்கும் எதிரி எப்போதுமே பழைய எதிரி.

பிங் 40 என்றால் சர்வரிலிருந்து தகவல் வர 20, கையிருப்புக்கு 100, நாம் சுட்ட செய்தி போய்ச் சேர 20. மொத்தம் 140 மில்லிநொடி. நொடிக்கு 5 மீட்டர் ஓடுபவன் அதற்குள் 70 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பான். அப்படியே விட்டால் சரியாகக் குறிவைத்தவனுக்கு ஒன்றும் படாது. அதனால் சர்வர் கடிகாரத்தை 140 மில்லிநொடி பின்னுக்குத் திருப்பி, சுட்டவன் திரையில் எதிரி எங்கே இருந்தானோ அங்கே வைத்துத் தீர்ப்புச் சொல்கிறது. சுட்டவனுக்கு இது நியாயம். சுவருக்குப் பின்னால் போய்விட்டவனுக்கு அநியாயம். சுட்டவனின் பிங் 200 என்றால் கணக்கு 300 மில்லிநொடி, ஒன்றரை மீட்டர்! பல விளையாட்டுகள் இந்தப் பின்னோட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது இதனால்தான்.

நம் சொந்த வீரன் மட்டும் சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. விரல் தொட்டதும் கைபேசியே அவனை நகர்த்திவிடும். 1996-ல் வந்த குவேக்வேர்ல்டு என்ற விளையாட்டு பரவலாக்கிய உத்தி இது. சர்வரின் கணக்கு வேறாக இருந்தால் ஆளைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போடும். ஓடியவன் ரப்பர் பேண்டு போலச் சுண்டித் திரும்புவது அப்போதுதான்.

நெட்டின் வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சர்வர் அனுப்பும் எண்களுக்குத் தேவையான டேட்டா மிகக் குறைவு. 100 எம்பிபிஎஸ் இணைப்பால் தனி லாபம் இல்லை. பிங் 80-லேயே அசையாமல் நிற்பது, 40-க்கும் 200-க்கும் நடுவே குதிப்பதைவிட நல்லது. குதித்தால் கையிருப்பு தீர்ந்து எதிரி உறைந்து நிற்பான், பிறகு சட்டென்று வேறிடத்தில் முளைப்பான்.

ஏற்காட்டில் பனிமூட்டத்தின் மேல் பழி போடுவார்கள். பாவம், 4ஜி அலைக்கு மூட்டம் ஒரு பொருட்டே இல்லை. தடுப்பது பாறையும் மலைச்சரிவும்தான். டவர் கண்ணுக்குத் தெரியும் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் வந்தபடி விளையாடினால், சிக்னல் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போதெல்லாம் பிங் எகிறும்.

வீட்டு வைஃபையில் கோளாறு எந்தப் பக்கம் என்று பார்க்க, பிங் செயலியில் ரூட்டரின் முகவரியைப் போடுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. சில மில்லிநொடிக்குள் பதில் வந்தால் வீட்டுக்குள் குறையில்லை. அதுவே 50, 100 என்று குதித்தால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 5-க்கு மாறுங்கள். அது சுவரைத் தாண்டத் திணறும், அதனால் ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். ரூட்டர் சரியாக இருந்தும் விளையாட்டில் மட்டும் பிங் எகிறினால், வீட்டில் யாராவது கல்யாண வீடியோவை மேலேற்றுகிறார்களா என்று கேளுங்கள். நம் தோட்டா அந்த வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

பிங் நன்றாக இருந்தும் திரை திணறினால் அது நெட்டே இல்லை, சூடு. சேலத்து மே மாத மதியத்தில் சார்ஜ் போட்டபடி விளையாடினால், கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைக்கும்; நொடிக்கு 60 பிரேம் (படம்) வரைந்தது 30 ஆகும். கவரைக் கழற்றுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், கிராபிக்ஸை ஒரு படி இறக்குங்கள்.